வாடகை வீட்டுக்காரருக்கு ரோமாபுரிச் சட்டம் தெரியோணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் வந்தா எங்கட வீட்டில முதல் பாக்கிறது வாடகை விளம்பரப் பக்கம்தான். வெள்ளவத்தையில ரெண்டு ரூம், மூண்டாம் மாடி, லிஃப்ட் இல்ல, ஆறு மாச அட்வான்ஸ், சின்னக் குடும்பம் மட்டும் எண்டு போட்டிருக்கும். 19 வருசமா கொழும்பில வாடகைக்கு இருக்கிறம், இப்ப இருக்கிறது ஏழாவது வீடு, அதால இந்தப் பக்கத்தை நான் சும்மா பாக்கிறேல்ல, அடுத்தது எங்க போறது எண்ட யோசினையோடதான் பாக்கிறனான். நான் இதுவரைக்கும் பேப்பருக்கு ஒண்டும் எழுதினதில்ல. ஆனா போன மாசம் மகளின்ர நோட்ஸில வாசிச்ச ஒரு விசயம் மனசை விட்டுப் போகுதில்ல, அதை வாடகைக்கு இருக்கிற எல்லாச் சனமும் அறியோணும் எண்டு நினைச்சு எழுதுறன்.

மகள் சட்டம் படிக்கிறா. ராவில சாப்பாட்டு மேசையில புத்தகத்தை விரிச்சு வச்சிட்டு நித்திரையாப் போடுவா, நான் எடுத்து அடுக்கேக்க கண்ணில பட்டதுதான் ரோமன் டச்சுச் சட்டம், அதாவது ஒல்லாந்தர் இஞ்ச கொண்டு வந்த பழைய ரோமாபுரிச் சட்டம் பற்றின நோட்ஸ். ரோம் எண்டா எனக்கு முதல் சீசரும் கிளாடியேட்டரும்தான் தெரியும், ஆனா அதில கிடந்தது முழுக்க வாடகை வீடு, வெடிச்ச சுவர், வெளிச்சம் வராத அறை, மேல் மாடியில இருந்து தலையில ஊத்தின தண்ணி. வாசிக்க வாசிக்க இது எங்கட ஒழுங்கைக் கதையெல்லோ எண்டு இருந்தது. பிறகு மகளிட்டக் கேட்டும் லைப்ரரியில எடுத்தும் ரெண்டு கிழமையா வாசிச்சன்.

ரோம் நகரத்தில முதல் பேரரசர் அகஸ்டஸின்ர காலத்தில கிட்டத்தட்ட 10 லட்சம் சனம் இருந்ததெண்டு கணக்குச் சொல்லுகினம். இவ்வளவு சனமும் தூண் வச்ச பெரிய மாளிகையில இருந்தது எண்டு நினைச்சா பிழை. 4ம் நூற்றாண்டுப் பட்டியல் ஒண்டில தனிவீடு 1,800 அளவில, மற்றது 46,000க்கு மேல இன்சுலா. இன்சுலா எண்டா லத்தீன்ல தீவு, ஆனா வாடகைக்கு விடுற மாடிக் கட்டிடத்துக்கும் அதுதான் பேர். கீழ கடைகள், கடைக்குப் பின்னுக்கோ மேலயோ கொஞ்சம் நல்ல வீடுகள், மேல போகப் போக அறை சின்னன், வாடகை குறைவு, சனம் கூட. எங்களுக்கு மேல் மாடி எண்டா கடல் தெரியும் எண்டு விலை கூட, அவைக்கு லிஃப்டும் இல்ல தண்ணியும் மேல ஏறாது, அதால ஏழைச் சனம்தான் உச்சியில. லிஃப்ட் இல்லாத பழைய பிளட்ஸில இண்டைக்கும் இஞ்சையும் அப்பிடித்தான், நாலாம் மாடி வாடகை முதலாம் மாடியை விடக் குறைவு, நாங்கள் ரெண்டு தரம் நாலாம் மாடியில இருந்தனாங்கள், அது ஆசைப்பட்டு எடுத்ததில்ல.

தண்ணிக் கதையைச் சொல்லாமப் போக ஏலாது. ரோமுக்கு வெளியில இருந்து தண்ணி கொண்டு வர 11 பெரிய கால்வாய் கட்டினவை, முதலாவது கி.மு. 312ல, இண்டைக்கும் அந்த வளைவுகளின்ர படத்தைப் பாத்துச் சனம் வியக்குது. அவ்வளவு தண்ணி வந்தும் மேல் மாடிக்காரர் தெருமுனைத் தொட்டியில போய்ப் பிடிச்சுச் சுமந்துதான் படி ஏறினவை, குழாய் போனது பணக்காரர் வீட்டுக்குத்தான். கி.பி. 97ல தண்ணிக்குப் பொறுப்பா வந்த ஃப்ரொன்டினுஸ் எண்டவர், களவாக் குழாயைத் துளைச்சுத் தண்ணி எடுக்கிறதையும் அதுக்கு வேலையாக்களே துணை போறதையும் விவரமா எழுதி வச்சிருக்கிறார். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணேக்க எங்கட மோட்டர் ஓடேல்ல, டாங்கியில சொட்டுத் தண்ணி இல்ல. நானும் மகளும் கீழ் கிணத்தில இருந்து வாளியால நாலு மாடி தூக்கினம். எங்கட கீழ் வீட்டு அன்ரி எழுபது வயசு, அவவுக்கும் நாங்கள்தான் தூக்கிக் குடுத்தனாங்கள். அந்த ரோமாபுரிப் பொம்பிளையளின்ர முதுகு எப்பிடி நொந்திருக்கும் எண்டு எனக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்ல.

வீட்டுச் சொந்தக்காரர் அங்கயும் முகம் காட்டிறேல்ல. முழுக் கட்டிடத்தையும் ஒருத்தர் மொத்தமா எடுத்து, அதைத் துண்டு துண்டா மற்றாக்களுக்கு வாடகைக்கு விடுறது வழமை, இடையில நிக்கிறவருக்கும் லாபம் வரோணும் எண்டா அதெல்லாம் மேல் மாடிக்காரரின்ர தலையிலதான். எங்கட பக்கம் ஓனர் கனடாவிலயோ லண்டனிலயோ, இஞ்ச ஒரு தம்பி வந்து காசு வாங்குவார், என்ன பிரச்சினை எண்டாலும் 'அண்ணையிட்டக் கேட்டுச் சொல்லுறன்' எண்டுவார், அந்த அண்ணையை நாங்கள் ஒரு நாளும் கண்டதில்ல. ரோமில வாடகை வருசம் தொடங்கிறது யூலை 1ம் தேதி, அண்டைக்குக் கட்ட ஏலாத குடும்பங்கள் கட்டிலும் சட்டி பானையுமா தெருவில நிக்குமாம். வாடகை பாக்கி எண்டா தளபாடத்தை வீட்டுக்காரர் மறிச்சு வைக்கலாம், அதுக்குச் சட்டமே இடம் குடுத்தது. ஜூலியஸ் சீசர் ஒருக்கா ரோமில 2,000 செஸ்டர்ஸ் (அது அவையின்ர காசு) வரைக்குமான வாடகையை, இத்தாலியின்ர மற்ற இடங்களில 500 வரைக்கும், ஒரு வருசத்துக்குத் தள்ளுபடி செய்தவர். அதை வாசிக்கேக்க கொரோனா நேரம் ஞாபகம் வந்தது, அப்ப இவருக்கு மூண்டு மாசம் சம்பளம் பாதி, வாடகையில ஒரு சதம் குறையேல்ல.

இப்ப எங்கட கதைக்கு வாறன், எழுதத் தொடங்கினதே இதுக்காகத்தான்.

ஐஞ்சாவது வீடு கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒண்டில மூண்டாம் மாடி. நல்ல வீடு, காலையில வெயில் அறைக்குள்ள வரும், அம்மா அந்த வெயிலில இருந்துதான் பூச்சரம் கட்டுவா. பக்கத்தில வெறும் காணி கிடந்தது, ஒரு நாள் தகரம் அடிச்சினம், அடுத்த மாசம் பைலிங் மெசின் வந்துட்டுது. விடியத் தொடங்கினா பின்னேரம் மட்டும் டம் டம் எண்டு அடிக்கும், அலுமாரிக்குள்ள கிடக்கிற கிளாஸ் எல்லாம் ஆடும். மூண்டாம் மாசம் குசினிச் சுவரில ஒரு வெடிப்பு, முதல் தலைமயிர் அளவு, பிறகு ஹோல் மட்டும் ஓடிட்டுது, என்ர சின்ன விரல் நுனி உள்ளுக்குப் போகும். தம்பிக்குச் சொன்னம், அவர் ஒரு மேசனைக் கூட்டிக்கொண்டு வந்து வெள்ளைச் சீமெந்து பூசி மேல பெயின்ட் அடிச்சுப்போட்டு 'ஒண்டும் நடவாது அக்கா, பயப்பிடாமப் படுங்கோ' எண்டு சொன்னார். ரெண்டு கிழமையில வெடிப்பு பெயின்ட்டுக்கு மேலால திரும்பி வந்தது. அதுக்குள்ள பக்கத்துக் கட்டிடம் எங்கட ஜன்னலைத் தாண்டிட்டுது, காலை பத்து மணிக்கும் லைட் போட்டுத்தான் அம்மாவுக்கு மருந்து எடுத்துக் குடுக்கிறது. வாடகை குறையேல்ல, குறைக்கச் சொல்லிக் கேட்டா நல்ல ஏரியா எண்டு கூட்டச் சொன்னவை. 2017 மே மாசம் வெள்ளவத்தையிலயே ஒரு மாடிக் கட்டிடம் அப்பிடியே சரிஞ்சு விழுந்ததை நாங்கள் மறக்கேல்ல, அதுக்குப் பிறகு நான் ராவில சுவரில கை வச்சுப் பாத்திட்டுத்தான் படுக்கிறனான். கடைசியா அக்ரிமெண்ட் முடிய ஐஞ்சு மாசம் இருக்கேக்க வெளிக்கிட்டம். இடையில போனது நீங்கள்தான் எண்டு அட்வான்ஸில பாதிதான் தந்தவை, அம்மா அந்த வருசமே செத்துப் போனா, நாங்களும் அதைப் பிறகு கேக்கேல்ல.

மகளின்ர நோட்ஸில இருந்தது என்ன எண்டு இனிச் சொல்லுறன், தயவு செய்து ஆறுதலா வாசியுங்கோ.

கி.மு. 1ம் நூற்றாண்டில அல்பேனுஸ் வாருஸ் எண்டு ஒரு சட்ட அறிஞர். அவரிட்ட ஒரு கேள்வி கேக்கினம்: ஒருத்தர் பயத்தில வீட்டை விட்டுப் போட்டார், அவர் வாடகை கட்டோணுமோ? அவர் சொன்ன பதில், பயப்பிடுறதுக்கு நியாயமான காரணம் இருந்தா, பிறகு பாக்கேக்க உண்மையில ஆபத்து இருக்கேல்ல எண்டாலும் கூட வாடகை கட்டத் தேவையில்ல, நியாயமான காரணம் இல்லாமப் போனவர்தான் கட்டோணும். கட்டிடம் விழுந்து காட்டோணும் எண்டு அவர் கேக்கேல்ல. அதுக்காக வீட்டுக்காரருக்கு அநியாயம் செய்யவும் விடேல்ல, திருத்த வேலை நடக்கேக்க கொஞ்சம் வசதி குறைஞ்சா உடனே வாடகையில கழிக்க ஏலாது எண்டும் அதே ஆள்தான் சொல்லுறார்.

பிறகு 2ம் நூற்றாண்டில காயுஸ் எண்டவர். பக்கத்து ஆள் கட்டிடம் கட்டி உன்ர மாடி அறையின்ர வெளிச்சத்தை மறைச்சா வீட்டுக்காரர் உனக்குப் பொறுப்புச் சொல்லோணும், நீ வாடகை ஒப்பந்தத்தை விட்டுப் போறதுக்கு உரிமை இருக்கு, அதில சந்தேகமே இல்ல எண்டு எழுதி இருக்கிறார். கதவும் ஜன்னலும் சரியாப் பழுதாகி வீட்டுக்காரர் திருத்தித் தராட்டியும் அதேதான். நான் அந்த இடத்தை நாலு தரம் வாசிச்சன். அம்மா இருட்டில மருந்துப் போத்தலைத் தடவித் தேடினது எனக்கு முன்னுக்கு நிண்டது. 1,800 வருசத்துக்கு முந்தி, எங்கையோ இருந்த ஒரு மனுசர் எங்கட அறையைப் பாத்து எழுதின மாதிரி எழுதி வச்சிருக்கிறார், நாங்கள் அதே கேள்வியோட வாய் திறக்காமப் பாதி அட்வான்ஸை வாங்கிக்கொண்டு வந்தனாங்கள்.

இன்னொண்டு, மேல் மாடியில இருந்து தெருவுக்கு ஏதும் ஊத்தினா எறிஞ்சா. ஆர் எறிஞ்சது எண்டு காட்டத் தேவையில்ல, அந்த வீட்டில குடியிருக்கிறவர் நட்டத்துக்கு ரெண்டு மடங்கு கட்டோணும், ஆள் செத்தா 50 பொன் காசு. ஆனா அது சுதந்திரமான ஆளுக்குத்தான், அடிமை செத்தா அது எசமானுக்கு வந்த சொத்து நட்டம், அவ்வளவுதான். இதை மறைச்சுக்கொண்டு ரோமைப் புகழ என்னால ஏலாது. அந்த இன்சுலாக்களைக் கட்டினதிலயும் அடிமையளின்ர உழைப்பு இருந்தது. க்ராசுஸ் எண்ட பெரும் பணக்காரர் கட்டிட வேலை தெரிஞ்ச 500க்கு மேற்பட்ட அடிமையளை வச்சுக்கொண்டு, எரியிற வீட்டையும் அதுக்குப் பக்கத்து வீட்டையும் பயந்துபோன சொந்தக்காரரிட்ட இருந்து கொஞ்சக் காசுக்கு வாங்கிச் சேத்தவர். அந்தச் சமுதாயம் நல்ல சமுதாயம் எண்டு நான் சொல்ல வரேல்ல, அப்பிடிப்பட்ட இடத்தில கூட வாடகைக்கு இருக்கிறவருக்கு இந்தளவு உரிமையை எழுதி வச்சினம் எண்டுதான் சொல்லுறன்.

அவையும் சும்மா எழுதேல்ல, விழுந்து எரிஞ்சு செத்துத்தான் எழுதினவை. சிசெரோ எண்ட பேர்போன பேச்சாளரே வாடகைக் கட்டிட முதலாளி, கி.மு. 44ல நண்பருக்கு எழுதின கடிதத்தில தன்ர ரெண்டு கடை இடிஞ்சு விழுந்திட்டுது, மற்றதும் வெடிக்குது, குடியிருந்த ஆக்கள் மட்டுமில்ல எலியும் ஓடிட்டுது எண்டு எழுதுறார், இந்த நட்டத்தையே லாபமாக்கிற மாதிரித் திரும்பக் கட்டப்போறன் எண்டும் சொல்லுறார். அந்தக் கடைக்குள்ள ஆர் இருந்தது, அவைக்கு என்ன நடந்தது எண்டு அதில ஒரு வரி இல்ல. எனக்கு அதுதான் கவலையா இருந்தது. ஜுவெனல் எண்ட கவிஞர், வெடிச்ச சுவரைப் பூசி மறைச்சுப்போட்டு விழப்போற கட்டிடத்துக்குள்ள பயப்பிடாமப் படுங்கோ எண்டு சொல்லுற வீட்டு ஏஜென்டைப் பற்றி எழுதி இருக்கிறார். எங்கட தம்பி சொன்ன அதே சொல்லு.

அகஸ்டஸ் கட்டிட உயரத்தை 70 ரோமன் அடியா, அதாவது 20 மீட்டர் அளவா மட்டுப்படுத்தினவர், பிறகு வந்த பேரரசர் ட்ராஜன் 60 ஆக்கினவர். கி.பி. 6ல நெருப்பணைக்கவும் ராக்காவலுக்கும் ஏழு படைப்பிரிவு போட்டவை, அவையின்ர பொறுப்பதிகாரி வீடு வீடாச் சொல்லி ஒவ்வொரு வாடகைக்காரரும் மாடியில தண்ணி எடுத்து வச்சிருக்கச் செய்யோணும். எண்டாலும் கி.பி. 64ல பெரிய நெருப்பு பிடிச்சு நகரத்தின்ர 14 பகுதியில 3 முழுக்க அழிஞ்சது, 7 பெரிய சேதம், 4தான் தப்பினது. அதுக்குப் பிறகுதான் நீரோ அகலத் தெரு, ஒவ்வொரு கட்டிடத்துக்கும் தனிச்சுவர், நெருப்புப் பிடிக்காத கல்லு எண்டு கட்டாயம் பண்ணினவர். பிடேனே எண்ட ஊரில கி.பி. 27ல ஒருத்தர் காசு பாக்கிறதுக்காக அத்திவாரம் ஒழுங்கா இல்லாம மரத்தால விளையாட்டரங்கு கட்டி, அது சனத்தோட சரிஞ்சு ஆயிரக்கணக்கில செத்தது. அவரை நாடு கடத்திப்போட்டு, நிலத்தின்ர உறுதியைப் பரிசோதிக்காம இனி ஆரும் அரங்கு கட்டக்கூடாது எண்டு செனட் தீர்மானம் போட்டது. எங்கட ஒழுங்கையில அந்தக் காணியில மண் பரிசோதனை நடந்ததோ எண்டு நாங்கள் கேட்டம், பதில் சொல்ல ஒருத்தரும் வரேல்ல.

இதெல்லாம் ரோமில நடந்தது, எங்களுக்கென்ன எண்டு ஆரும் கேப்பினம். அதுக்குத்தான் மகள் விளங்கப்படுத்தினா, அந்த அறிஞர்கள் சொன்னதையெல்லாம் ஜஸ்டினியன் மன்னர் கி.பி. 533ல ஒரே தொகுப்பாக்கினவர், அதைப் பிறகு ஒல்லாந்தர் தங்கட ஊர் வழமையோட சேத்து எடுத்தவை, 1656ல கொழும்பைப் பிடிக்கேக்க கப்பலோட அதுவும் வந்தது. 1796ல வெள்ளைக்காரன் பிடிச்ச பிறகு, 1799ல அந்தச் சட்டத்தை அப்பிடியே வச்சிருப்பம் எண்டு அறிவிச்சான். இப்ப ஒல்லாந்தில வேற சட்டக்கோவை வந்திட்டுது, ஆனா தென்னாபிரிக்காவிலயும் எங்கட நாட்டிலயும் அது உயிரோட இருக்கு, தனிச் சட்டம் இல்லாத இடத்தில நீதிமன்றம் பாக்கிறது ரோமன் டச்சுச் சட்டத்தைத்தான். புதுக்கடைக் கோர்ட்டுக்கு முன்னால பஸ்ஸில போகேக்க நான் இனி அந்த இடத்தை வேற மாதிரித்தான் பாப்பன். தளபாடத்தை மறிக்கிற உரிமை இஞ்ச வந்திருக்கு எண்டா, வெளிச்சத்துக்கும் பயத்துக்கும் வாடகைக்காரருக்குக் குடுத்த உரிமையும் அதே கப்பலிலதானே வந்திருக்கோணும்.

எங்கட சனத்துக்கு இது தெரியாது ஐயா. அக்ரிமெண்ட் இங்கிலீசில நாலு பக்கம் வருது, எங்க கையெழுத்து எண்டு காட்டுற இடத்தில வைக்கிறம், மலையகத்தில இருந்து வேலைக்கு வந்து கொட்டாஞ்சேனையில ஒரு அறையில இருக்கிற பிள்ளையள், வடக்கில இருந்து படிக்க வந்து போர்டிங்கில இருக்கிற பிள்ளையள், அவைக்கு அதுவும் இல்ல, வாய்ப்பேச்சுத்தான். அட்வான்ஸை ஆர் மறிச்சாலும் தலைவிதி எண்டு போறம்.

அதால என்ர வேண்டுகோள் இதுதான். ஒரு அனுபவமுள்ள சட்டத்தரணியைக் கொண்டு கிழமைக்கு அரைப் பக்கம், தமிழில, எங்களுக்கு விளங்கிற மாதிரி, வாடகைக்காரரின்ர உரிமையும் கடமையும் பற்றி உங்கட பேப்பரில எழுதுவியுங்கோ. நான் மேல சொன்ன பழைய விதிகளில எது இண்டைக்கும் எங்கட கோர்ட்டில செல்லும், எதைப் புதுச் சட்டம் மாத்தி இருக்கு, சுவர் வெடிச்சா முதல் ஆருக்கு எழுதிக் குடுக்கிறது, போட்டோ எடுத்து வைக்கோணுமோ, அட்வான்ஸுக்கு ரிசீட் எப்பிடி இருக்கோணும், இதெல்லாம் சொல்லித் தரோணும். வாடகை விளம்பரம் போடுற அதே பக்கத்தில போட்டா இன்னும் நல்லம், வீடு தேடுறவை எல்லாரும் பாக்கிற பக்கம் அதுதான்.

எங்கட இப்பத்தை அக்ரிமெண்ட் டிசம்பர் 31ம் தேதி முடியுது, புதுசு எழுத முதல் அந்தப் பகுதி தொடங்கினா நானும் வெட்டி எடுத்து வச்சிருப்பன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி ஒருத்தி,
கொழும்பு 06